சோடா மாவு இல்ல சார், தண்ணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஸ்டூடண்ட்ஸ் பக்கத்துல கட்டம் கட்டி ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க, ஆசிட் கையில பட்டா உடனே சோடா மாவு தூவித் தேய்ச்சா சரியாயிடும்னு. படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு. நான் 22 வருஷம் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல அசிஸ்டெண்டா இருந்தவன். அதே பக்கத்துல ப்ளீச்சிங் பவுடரோட பாத்ரூம் ஆசிடைச் சேர்க்காதீங்க, குளோரின் வாயு கிளம்பும்னு சரியாத்தான் போட்டிருந்தீங்க, அதனாலயே இந்த ஒண்ணு ரொம்ப உறுத்துது.

ஆசிடும் சோடாவும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடக்கிடும்ங்கறதெல்லாம் பீக்கருக்குள்ள. தோல்ல போட்டுத் தேய்ச்சா வெந்த தோல்தான் உரிஞ்சு வரும், அதைவிட மோசம், சோடா டப்பா எங்கன்னு தேடறதுலயே நேரம் போயிடும்.

இது என் கண்ணு முன்னாடி நடந்தது. பன்னெண்டாவது படிக்கற பையன், நைட்ரிக் ஆசிட் பாட்டில் மூடி இறுகிப்போயிருந்ததை முறுக்கித் திறந்தான், தெறிச்சு முழங்கைப் பக்கம் பட்டுடுச்சு. டீச்சர் சோடா தேடி ஸ்டோர் ரூமுக்கு ஓடிட்டாங்க. நான் பையனை இழுத்துட்டுப் போய் சிங்க்ல பைப்பைத் திறந்து கையை அடியில வெச்சேன். ரெண்டு நிமிஷத்துல "எரியல அண்ணா, போதும்"னான். விடல, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம் பிடிச்சு வெச்சிருந்தேன், நடுவுல பீரியட் பெல்லே அடிச்சிடுச்சு. பட்ட இடம் மஞ்சளா மாறிச்சு, நைட்ரிக் ஆசிட் தோல்ல இருக்கற புரோட்டீனோட சேர்ந்தா அப்படித்தான் ஆகும். அது பெரிய காயமாகல. ஆனா நானும் ஒரு தப்பு பண்ணினேன், சட்டையைக் கழட்டாம கையை மேல சுருட்டி விட்டுட்டேன். அந்தச் சுருட்டலுக்குள்ள ஊறியிருந்த ஆசிட் 20 நிமிஷமும் அங்கேயே உக்காந்து, முழங்கைக்கு மேல வளையல் போட்ட மாதிரி சுத்தி ஒரு புண்ணு. தண்ணி காட்டின இடம் தப்பிச்சுது, துணி மூடியிருந்த இடம் வெந்துபோச்சு.

ஆசிட்ல தண்ணி ஊத்தக்கூடாதுன்னுதானே படிச்சோம்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். அங்க பிரச்சினை தண்ணியோட அளவு. கெட்டி சல்ஃப்யூரிக் ஆசிட் தண்ணியைவிட கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம், அது மேல கொஞ்சம் தண்ணி ஊத்தினா தண்ணி மேலயே நின்னு, ரெண்டும் சேரும்போது கிளம்பற சூட்டுல கொதிச்சு, ஆசிடையும் சேர்த்து மூஞ்சில தெறிக்கும், அதனாலதான் தண்ணியில ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும்கறது. கையில படறது சில சொட்டு, பைப் தண்ணி பக்கெட் கணக்குல ஓடும், சூட்டையும் சேர்த்து அடிச்சிட்டுப் போயிடும்.

பெரிய அளவுலயும் இதே கதைதான். 2011 ஜனவரியில ஜெர்மனியில ரைன் ஆத்துல சுமார் 2,400 டன் சல்ஃப்யூரிக் ஆசிடோட போன ஒரு டேங்கர் கப்பல் கவுந்துச்சு. கெட்டி ஆசிட் இரும்பு டேங்கை அவ்வளவா அரிக்காது, ஆனா உள்ள கொஞ்சம் தண்ணி புகுந்து ஆசிட் நீர்த்துட்டா இரும்போட வேலையைக் காட்டி ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், பொறி பட்டா வெடிச்சிடும். அந்தப் பயத்துலதான் கடைசியில ஒரு பகுதி ஆசிடை மெதுவா ஆத்துலயே விட்டாங்க. கொஞ்சம் தண்ணியால வந்த வினைக்கு ஆறு முழுக்க ஓடின தண்ணிதான் வழியாச்சு.

தண்ணி மட்டும் பத்தாத ஆசிட் ஒண்ணு இருக்கு, அதையும் போடுங்க. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். பாடப்புத்தகத்துல இதுக்கு வீக் ஆசிட்னு பேரு, பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. நீர்த்த கரைசலா இருந்தா பட்ட உடனே வலிகூடத் தெரியாது, தோல் வழியா உள்ள இறங்கி ரத்தத்துல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சுக்கும், கூடுதலா பட்டா இதயமே நின்னுடும். தண்ணியில கழுவிட்டு கால்சியம் குளுக்கோனேட் ஜெல் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தென் கொரியாவுல குமி நகரத்துல 2012-ல, தண்ணியில கரைஞ்சா இந்த ஆசிடா ஆகற ஹைட்ரஜன் ஃப்ளூரைடு லீக் ஆகி 5 பேர் செத்தாங்க. கண்ணாடியில டிசைன் அரிக்கறதுக்கும் சில துருநீக்கிகள்லயும் இதே சரக்குதான், அதனால டாக்டர்கிட்ட வெறுமனே ஆசிட்னு சொல்லாம பாட்டிலையோ லேபிளையோ காட்டணும்.

திருத்தத்தை அதே பக்கத்துல அதே சைஸ்ல கட்டம் கட்டியே போடுங்க சார், கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல வேண்டாம். உங்க பழைய கட்டத்தைக் கத்தரிச்சு ஏதாவது ஒரு லேப் சுவத்துல இந்நேரம் ஒட்டியிருப்பாங்க, இது அது மேல சரியா உக்காரணும்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு லேப் அசிஸ்டெண்ட், உங்க வாசகன்