நீ கேட்க வேண்டிய கேள்வி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். அறுவை சிகிச்சைக்கு ஏன் இன்னும் நாள் குறிக்கவில்லை, வேலைகளை விட்டுவிட்டு ஏன் படுத்து ஓய்வெடுப்பதில்லை, வலி மாத்திரையை ஏன் தினமும் போடுவதில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவின் முதுகை நினைத்துத் தூக்கம் கெடுகிற மகளுக்கு, தொலைபேசியில் இரண்டு வார்த்தை சமாதானம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் எழுந்து நடந்துவிட்டு வந்து மீண்டும் எழுதுவேன். ஓட்டம் அங்கங்கே அறுந்திருந்தால் அதுதான் காரணம்.

முதலில் அந்த ஸ்கேன். இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் தெரிகிறது என்று அறிக்கையில் எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து உன் குரலே மாறிவிட்டது. அந்தக் காகிதத்தைப் படித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் டாக்டர் எனக்கு விளக்கிய ஒன்றை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அவர்களில் ஐம்பது வயதுக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 80 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 60 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தேய்மானம். இவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். என் வயதில் என் முதுகுத்தண்டைப் படம் எடுத்தால் சுத்தமாக இருந்திருந்தால்தான் வியப்பு. அந்தப் பிதுக்கம் என் வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே தூக்கிப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலில். முழங்காலிலும் கணுக்காலிலும் சிறு சுத்தியலால் தட்டினார். பாதத்தில் தொடு உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. என் வலி இடுப்பிலேயே நிற்கிறது. கால் வழியாகச் சுளீரென்று இறங்குவதில்லை, கால் மரத்துப்போவதில்லை, பலம் குறையவில்லை. டிஸ்க் பிதுக்கத்துக்கான அறுவை சிகிச்சை முக்கியமாக நரம்பு நசுங்கிக் காலில் வலி இறங்குகிறவர்களுக்குத்தான் நல்ல பலன் தருகிறது. அவர்களுக்கும்கூட, அவசர நிலை இல்லாதபோது, காத்திருப்பது ஒரு வழிதான். நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். எனக்கோ அந்தக் கால்வலியே இல்லை. அப்படியிருக்க முதுகைத் திறந்து எதைச் சரிசெய்வது?

ஆனால் நான் பிடிவாதக்காரன் என்று நினைத்துவிடாதே. எப்போது நிலைமை மாறும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால், இரண்டு கால்களும் பலமிழந்தால், அது தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்பதன் அடையாளம். அப்படி ஒன்று நேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்து அடிபட்ட பிறகு வரும் புதுவலி, இவையும் உடனே காட்ட வேண்டியவை. இதையெல்லாம் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். உன்னிடமும் இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்து, படுத்து ஓய்வெடு என்கிறாய். கண்ணே, இந்த ஒரு விஷயத்தில் உன் அன்பும் என் முதுகின் தேவையும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. படுக்கை ஓய்வுதான் முதுகுக்கு மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 1995இல் வெளியானது. திடீர் முதுகுவலி வந்தவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், இன்னொரு பிரிவினருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், மூன்றாவது பிரிவினரை முடிந்தவரை வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். வழக்கம்போல இருந்தவர்கள்தான் மற்ற இரு பிரிவினரையும்விட நன்றாகத் தேறினார்கள். படுத்தவர்கள்தான் மிக மெதுவாகத் தேறினார்கள். என்னுடையது திடீர் வலி அல்ல, மூன்று மாதத்தைத் தாண்டி நிலைத்துவிட்ட நாள்பட்ட வலி. இதற்குப் படுக்கை இன்னும் பொருந்தாது. படுக்கப் படுக்கத் தசை மெலியும், மூட்டு இறுகும், மனம் சுருங்கும். எழுந்திருக்கும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கும்.

வலிக்கிறபோது அசைந்தால் உள்ளே ஏதோ கெட்டுவிடுமே என்று கேட்பாய். இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கும் நெடுநாள் பிடித்தது. புதிதாக அடிபட்டபோது வரும் வலி, உடம்புக்கு ஆபத்து என்று சொல்கிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலி அப்படியே அதைச் சொல்வதில்லை. திருடன் ஒருமுறை புகுந்த வீட்டின் நாய் அதற்குப் பிறகு இலை விழுந்தாலும் குரைப்பதுபோல, நரம்புகளும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரணமாகக் குனிவதைக்கூட வலியாக அறிவிக்கின்றன. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. இது மனப்பிரமை என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வலி முழுக்க முழுக்க உண்மை. ஆனால் வலிக்கிற அளவுக்கு உள்ளே சேதம் நடக்கிறது என்று அர்த்தமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வலியோடு நடக்கும்போது பயம் பாதியாகக் குறைந்தது. பயம் குறைந்தால் உடம்பு இறுகுவதும் குறைகிறது. தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாளும், யாரிடமாவது சண்டை போட்ட நாளிலும் வலி ஏறுவதை நானே கவனித்திருக்கிறேன். அன்றைக்கு என் டிஸ்க்கில் புதிதாக எதுவும் நடந்திருக்காது.

அதற்காகக் கண்மூடித்தனமாக வேலை செய்வதும் ஆகாது. இந்த வலியோடு வாழ்வதில் எனக்கு மிகக் கடினமான பாடம் கெட்ட நாட்களில் இல்லை, நல்ல நாட்களில்தான் இருக்கிறது. காலையில் எழும்போது இடுப்பு லேசாக இருந்தால் மனம் துள்ளும். தள்ளிப்போட்ட வேலையெல்லாம் கண்முன் வரும். பரணைச் சுத்தம் செய்யலாம், செடிகளுக்கு மண் மாற்றலாம், பழைய கணக்குப் புத்தகங்களை அடுக்கலாம். எல்லாவற்றையும் அன்றே செய்தால் அடுத்த மூன்று நாள் முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியாது. பிறகு படுக்கை, பிறகு இன்னொரு நல்ல நாள், மறுபடியும் அதே கதை. இப்படியே போனால் செய்யக்கூடிய வேலையின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: வலி வந்ததும் நிறுத்தாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து. மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவு எதுவோ அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். இருபது நிமிடம் உட்கார முடிகிறது என்றால் பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். நல்ல நாளிலும் அதே அளவுதான். அந்த அளவு நிலைத்த பிறகு சிறிது கூட்டலாம். கேட்பதற்கு எளிது. நன்றாக இருக்கிற உடம்பை நிறுத்திவைப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நடை என் முக்கியமான மருந்து. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. முதுகுவலியிலிருந்து தேறியவர்களில் ஒரு பகுதியினரைப் படிப்படியாக, வாரத்துக்கு ஐந்து முறை அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கி நடக்கவைத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கில், 208 நாட்கள் ஆயின. நடைப் பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாட்கள்தான். என் வலி விட்டுவிட்டு வரும் வகை அல்ல, ஆகவே அந்தக் கணக்கு எனக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் செலவில்லாத, பெரிய பக்கவிளைவு பயமில்லாத ஒன்று இவ்வளவு செய்கிறது என்பது நடக்கிற ஒவ்வொரு நாளும் எனக்குத் தெம்பு தருகிறது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்கின்றன. ஆனால் அவை வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நான் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவன். ஒன்று இறக்குவதை இன்னொன்று ஏற்றிவிடும். அதனால் டாக்டரின் கணக்குப்படி, வலி மிகவும் ஏறுகிற நாட்களில் மட்டும், சாப்பிட்ட பிறகு, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் போடுகிறேன். இந்த வகையில் இரண்டு மாத்திரைகளை ஒன்றாகப் போடுவதில்லை. சிறுநீரகப் பரிசோதனையும் அவர் சொன்ன இடைவெளியில் செய்துகொள்கிறேன். உன் சிநேகிதியின் அப்பாவுக்கு நன்றாகக் கேட்டது என்று நீ சொன்ன மாத்திரை, அவருடைய மருத்துவர் அவருக்காக எழுதியது. அது எனக்கு வேண்டாம்.

நீ அனுப்பிய இடுப்பு பெல்ட் பத்திரமாக இருக்கிறது. உன் அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட், இழுவை சிகிச்சை, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில சிகிச்சைகள், மனநல ஆலோசனை ஆகியவை அவர்கள் பரிந்துரைப்பவற்றில் சில. மெத்தையைப் பற்றியும் கேட்டிருந்தாய். கல்மாதிரி கெட்டியானது வேண்டாம். நடுத்தரமான கெட்டிதான் நல்லது என்று ஆய்வே இருக்கிறது. இப்போதிருப்பதே அப்படித்தான், புதிது எதையும் அனுப்பிவிடாதே. சூடான ஒத்தடம் சுகமாக இருக்கிறது, அதனால் வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது உனக்கு நான் செய்கிற துரோகம். சில நாட்கள் காலுறை போடக் குனிய முடியாது. யாராவது "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லும்போது நெஞ்சு கனக்கும். கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் எல்லோரும் வழிவிடுவார்கள்; முதுகுவலிக்காரனுக்கு யாரும் நாற்காலி தருவதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள், ஒன்றும் கேட்காமல் கனமான பாத்திரத்தை அவளே தூக்கிவைத்துவிடுகிறாள். அவளுடைய களைப்பையும் நீ அவ்வப்போது விசாரி. என்னைக் கேட்கும் அளவுக்கு அவளை யாரும் கேட்பதில்லை.

இனி நான் உன்னிடம் கேட்பது. தினமும் மாலை "வலி எப்படிப்பா இருக்கிறது?" என்று கேட்கிறாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் எப்போதும் இருக்காது, அம்மா. நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கலாம். நீ கேட்டவுடன் நானும் உள்ளே திரும்பி வலியைத் தேடிப் பிடித்து அளந்து பார்க்கிறேன். அது அப்போதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பதிலாக "இன்று என்னப்பா செய்தீர்கள்?" என்று கேள். எவ்வளவு தூரம் நடந்தேன், எந்தப் புத்தகத்தை எடுத்தேன், எவ்வளவு நேரம் நிறுத்தாமல் எழுத முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. என் நோட்டுப் புத்தகத்திலும் இப்போது வலிக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, செய்த வேலைகளைத்தான் எழுதிவருகிறேன். புரட்டிப் பார்த்தால், வலி அப்படியே இருந்த மாதங்களில்கூடச் செய்தவை கூடியிருக்கின்றன. சிகிச்சை பலிக்கிறதா என்று டாக்டரும் அதை வைத்துத்தான் பார்க்கிறார்.

அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறேன். இரவுத் தூக்கத்தைப் பற்றியும், தண்ணீர்க்குடம் தூக்கும் அளவுக்கு முதுகைப் பலப்படுத்தும் பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்பதையும் கேட்கக் குறித்துவைத்திருக்கிறேன். உனக்கும் நேரம் இருந்தால் அன்று தொலைபேசியில் சேர்ந்துகொள். அறுவை சிகிச்சையைப் பற்றி உன் மனதில் இன்னும் ஏதாவது மிச்சமிருந்தால் அவரிடமே நேராகக் கேட்டுவிடலாம். உன் கேள்விகளை அதற்கு முந்தைய நாளே எழுதி அனுப்பு, என்னுடையவற்றோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா