அம்மணி, தம்பியின் கையைக் கொஞ்சம் கவனி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கோத்தகிரியில் ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது, கரன்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் கட்டாகிவிடுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் காட்டு.

விஷயம், அமெரிக்காவில் உங்கள் டாலஸில் பேஸ்பால் பிட்சராக, அதாவது பந்து வீசுபவனாக, ஆடும் என் பேரன் தம்பியின் கை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது வலது முழங்கையின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். என்னடா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல தாத்தா, மேட்ச் முடிஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்கிறான். 12 வயசுப் பையனுக்கு மேட்ச் முடிந்தால் அப்படி இருக்கக் கூடாது, அம்மணி. ஓடி ஆடினால் தொடை வலிக்கும், தோள் கனக்கும், இரண்டு நாளில் போய்விடும், அது சரி. மூட்டில் வலிப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்த காலம் முழுக்க, பிள்ளைகள் வலி என்று வந்தால் சதையில் வலிக்கிறதா மூட்டில் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். மூட்டு என்றால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, எவ்வளவு முக்கியமான மேட்ச்சாக இருந்தாலும் சரி.

ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று சொல்கிறேன். அவன் வயசில் முழங்கை எலும்புகள் இன்னும் முழுசாக இறுகவில்லை. உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதே ஒரு எலும்பு முனை, அதற்கும் மேற்கை எலும்புக்கும் நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. 15, 16 வயசு வாக்கில்தான் அது மூடி எலும்போடு எலும்பாகச் சேரும். பந்தை ஓங்கி எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உள்பக்கம் விரிந்து பிளக்கப் பார்க்கும். பெரியவர்களுக்கு அந்த இழுவையை எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு தாங்குகிறது, கிழிந்தால் ஜவ்வுதான் கிழியும். சின்னப் பையன்களுக்கு ஜவ்வைவிட அந்தத் தட்டு பலவீனம், அதனால் அதுதான் முதலில் பிரிய ஆரம்பிக்கும். அங்கே டாக்டர்கள் இதை, சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரை வைத்து, லிட்டில் லீக் எல்போ என்கிறார்கள். தோளிலும் இதே மாதிரி ஒன்று வரும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் ஆறு வாரமோ மூன்று மாதமோ எறியாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். வலியை விழுங்கிக்கொண்டு எறிந்துகொண்டே இருந்தால் அந்த எலும்பு முனை தனியாகப் பிய்ந்துகொள்ளலாம், அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகும்.

அதனால் இந்த வாரமே ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டு, குழந்தைகளின் விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவராக இருந்தால் நல்லது. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு முழங்கையையும் எடுக்கச் சொல். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கையை மட்டும் பார்த்தால் தட்டு பிரிந்திருக்கிறதா இயல்பாகவே அப்படியா என்று சொல்வது கஷ்டம், மற்ற கையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்குள் வீட்டில் நீயே பார்: வலது கையை இடது கை அளவுக்கு முழுசாக நீட்ட முடிகிறதா, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதா, முன்பு குறி தவறாமல் போட்டவன் இப்போது இங்குமங்கும் போடுகிறானா. டாக்டர் சொல்லும் வரைக்கும் பந்தைத் தொட வேண்டாம். மேட்ச்சுக்கு முன்னால் வலி மாத்திரை கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வலிதான் நமக்கு இருக்கும் ஒரே காவல், அதை அமுக்கிவிட்டுப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பக் கூடாது.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை லீக் டீம், ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம், செவ்வாயும் வியாழனும் தனிக் கோச். பிட்ச் பண்ணாத இன்னிங்ஸில், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராக வேறு நிற்கிறான். உங்கள் நாட்டிலேயே இதற்கு அருமையான கணக்கு வைத்திருக்கிறார்கள். 2014ல் அங்கே தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கும், யு.எஸ்.ஏ. பேஸ்பால் என்ற தேசிய அமைப்பும் சேர்ந்து பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். 11, 12 வயசுக்கு ஒரு நாளில் 85 பந்துதான் உச்சம். 14 வயசு வரைக்கும் ஒரு நாளில் 21 முதல் 35 பந்து வீசினால் 1 நாள் ஓய்வு, 36 முதல் 50 என்றால் 2 நாள், 51 முதல் 65 என்றால் 3 நாள், 66ம் அதற்கு மேலும் என்றால் 4 நாள். இந்த வயசில் நேர்வேகப் பந்தும், அதே மாதிரி வீசி மெதுவாகப் போகும் சேஞ்ச் அப்பும் போதும் என்கிறார்கள். லிட்டில் லீக்கில் 2007லேயே இன்னிங்ஸ் கணக்கை விட்டுப் பந்துக் கணக்குக்கு வந்துவிட்டார்கள், அதுதான் நியாயம், ஏனென்றால் ஒரு இன்னிங்ஸ் 9 பந்திலும் முடியும், 35 பந்திலும் முடியாமல் இழுக்கும்.

இப்போது நம் தம்பியைப் பார். சனிக்கிழமை 55 பந்து போட்டால் புதன்கிழமைக்கு முன்னால் அவன் பிட்ச் பண்ணவே கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டீமுக்கு 40 பந்து போடுகிறான். லீக் கோச் தன் 55ஐ எண்ணுகிறார், டிராவல் கோச் தன் 40ஐ எண்ணுகிறார், இரண்டு பேர் கணக்கிலும் தப்பில்லை, ஆனால் 95 பந்து போட்டது ஒரே கைதான். இது போக வார்ம் அப்பில் போடுவது, தனிக் கோச்சிடம் போடுவது, கேட்சராக நின்று திருப்பி எறிவது எதையும் யாரும் எண்ணுவதில்லை. 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவன் அன்றைக்குக் கேட்சராக நிற்கக் கூடாது என்று லிட்டில் லீக்கில் விதியே இருக்கிறது. எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க வீட்டில்தான் முடியும். ஒரு நோட்டுப் போட்டு அவனையே எழுதச் சொல், கணக்கில் கெட்டிக்காரன்தானே. தேதி, எந்த டீம், எத்தனை பந்து, கை எப்படி இருந்தது, அவ்வளவு போதும்.

அலபாமாவில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்துக்காரர்கள் 2006ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முழங்கையிலோ தோளிலோ ஆபரேஷன் ஆன 95 இளம் பிட்சர்களையும், பெரிய காயம் எதுவும் வராத 45 பேரையும் ஒப்பிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபரேஷன் வரும் வாய்ப்பு 36 மடங்கு. வருஷத்தில் 8 மாதத்துக்கு மேல் வீசியவர்களுக்கு 5 மடங்கு. சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 80 பந்துக்கு மேல் போட்டவர்களுக்கு 4 மடங்கு. அந்த 36ஐ மறக்காதே. வளைவுப் பந்து போட்டால் கை போகுமா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. களைத்த கையோடு வீசக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை.

மாப்பிள்ளை ஒரு நாள் பேசும்போது, ஜவ்வு போனாலும் டாமி ஜான் ஆபரேஷன் இருக்கிறது மாமா, முன்னைவிட வேகமாகப் போடுகிறார்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அங்கே நிறையப் பெற்றோர் அப்படி நம்புகிறார்கள். டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்த ஆபரேஷனை முதலில் செய்தது 1974ல். செய்துகொண்ட பிட்சர் டாமி ஜான் 1975 முழுக்க ஆடவில்லை, 1976ல்தான் திரும்பி வந்தார். அன்றைக்கு அது பழுத்த தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கடைசி வழியாகச் செய்தது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தபோது பாதிக்கு மேல் 15 முதல் 19 வயசுக்காரர்கள். வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதில் கோர்த்துக் கட்டுகிறார்கள். மறுபடி மேட்ச்சில் வீச ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். தம்பி தன் அறையில் படம் ஒட்டி வைத்திருக்கும் பிட்சர் குமார் ராக்கருக்கே 2023ல் இது நடந்தது, அதற்குப் பிறகு 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக்கில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டீமுக்கு முதல் மேட்ச் ஆடினார். நம் நீரஜ் சோப்ராவுக்கும் 2019ல் வலது முழங்கையில் ஆபரேஷன் ஆகி அந்த சீசனே போனது உனக்கு நினைவிருக்கும். அவர்களுக்கெல்லாம் பின்னால் நின்று பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவக் கூட்டமே இருந்தது. அதை நம்பி ஒரு குழந்தையின் கையைப் பணயம் வைக்கலாமா?

பந்தின் வேகத்தை அளக்கும் அந்த ரேடார் கன்னையும் தூக்கி உள்ளே வைத்துவிடு. ஒவ்வொரு பந்துக்கும் மைல் கணக்கைப் பார்த்தால் எந்தப் பையனும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடுதான் போடுவான். 2024 டிசம்பரில் மேஜர் லீக்கே வெளியிட்ட அறிக்கையில், பிட்சர்களின் காயம் இவ்வளவு பெருகியதற்கு வேகத்தின் பின்னால் ஓடுவதைத்தான் பெரிய காரணமாகச் சொன்னார்கள்.

இங்கே நம் மலையில் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது, நீ யோசித்துப் பார். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, மைதானம் முழுக்கச் சேறு, யாரும் நினைத்தாலும் பவுலிங் போட முடியாது. அந்த மாதங்களில் வேகப்பந்து போடும் பையன்கள் சேற்றில் கால்பந்து ஆடுவார்கள், ஹாலில் கேரம் ஆடுவார்கள், சிலம்பம் சுற்றுவார்கள். மழை விட்டு வந்தால் முதுகும் தோளும் புதுசாக இருக்கும், ஆட ஆசையும் இருக்கும். டாலஸில் உங்களுக்கு அப்படி நிறுத்த மழை இல்லை, மழை வந்தாலும் உள்ளரங்கம் இருக்கிறது. வருஷத்தில் 4 மாதம் பிட்சிங் கிடையாது, அதில் தொடர்ச்சியாக 2, 3 மாதம் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எறிவதே கிடையாது என்று பிட்ச் ஸ்மார்ட்டில் இருக்கிறது. அந்த ஓய்வை நீயும் மாப்பிள்ளையும்தான் கொடுக்க வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து ஆடட்டும், சைக்கிள் ஓட்டட்டும், ஒன்றும் ஆடாமல் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தாலும் உட்காரட்டும்.

கையைவிட எனக்குப் பெரிய கவலை அவன் மனசு. முன்பெல்லாம் மேட்ச் கதையை அவனே ஆரம்பிப்பான், நிறுத்த முடியாது. இப்போது நாம் கேட்டால்தான் சொல்கிறான், அதுவும் ஜெயிச்சோம், தோத்தோம் என்று ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான் என்று நீயே அம்மாவிடம் சொன்னாய். ஆட்டம் சலித்துப்போன பிள்ளை சலித்துவிட்டது என்று சொல்லாது, அம்மணி, அப்பா அம்மா எவ்வளவு பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். வயிறு வலிக்கும், தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழும். வாரத்தில் ஒரு நாளாவது எந்தப் பயிற்சியும் இல்லாமல் விடச் சொல்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தார், ஒரே விளையாட்டில் முழுசாக இறங்குவதை 15, 16 வயசு வரை தள்ளிப்போடவும் சொல்கிறார்கள். மேஜர் லீக்கில் பெரிய பிட்சராக இருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015ல், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் நின்று, பேஸ்பால் வருஷம் முழுக்க ஆடும் ஆட்டம் இல்லை என்று பெற்றோர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவரும் அந்த டாமி ஜான் ஆபரேஷன் செய்துகொண்டவர்தான்.

டிராவல் டீம் கோச்சிடம் மாப்பிள்ளை நேரில் பேசட்டும், மெசேஜில் வேண்டாம். கை வலிக்கிறது, டாக்டர் சொல்லும் வரை வர மாட்டான், அப்புறமும் வாரத்துக்கு ஒரு டீமுக்குத்தான் பிட்ச் பண்ணுவான், மற்றதில் ஃபீல்டிங் பண்ணட்டும் என்று தெளிவாகச் சொல்லட்டும். நல்ல கோச் என்றால் புரிந்துகொள்வார். இடம் போய்விடும் என்று மிரட்டினால் அந்த இடம் போகட்டும். கட்டிய பணம் போகிறதே என்று யோசிக்காதே, நானே அனுப்புகிறேன்.

தம்பியை உட்கார வைத்து, வலிக்கிறது என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டோம் என்று நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்தே சொல்லுங்கள். ஒருத்தர் சொன்னால் பத்தாது. ஞாயிற்றுக்கிழமை கரன்ட் இருந்தால் நானும் அவனிடம் பேசுகிறேன், மேட்ச் பற்றிக் கேட்க மாட்டேன்.

டாக்டரிடம் எந்த நாளுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது என்று உடனே மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா