ஞாயிறு மர நடை: இந்த முறை ஜானகி அம்மாள்

வணக்கம் நண்பர்களே,

ஞாயிறு காலை 6.30க்கு வழக்கம்போல் ஆலமரத்தடியில் கூடுகிறோம். நடை முடிந்ததும் தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

1897இல் தலச்சேரியில் பிறந்தவர். மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, 1930களில் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை (செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்) ஆராய்ந்தார். கரும்பு ஆராய்ச்சியால்தான் அவரைப் பலருக்குத் தெரியும். எனக்கென்னவோ அவர் மரங்களோடு செய்த வேலைதான் அதிகம் பிடிக்கும்.

இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் இருந்தபோது மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் விலகிப் போகாமல் அது தடுத்துவிடும். 38 இருந்த இடத்தில் 76 ஆகிவிடும். அதில் வந்த ஒரு மரவகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மக்னோலியா நம் செண்பகத்தின் சொந்தம்தான். கொல்சிசின் நம் செங்காந்தள் கிழங்கிலும் உண்டு (வேலியோரம் கண்டால் தோண்டிப் பார்க்க வேண்டாம், கடும் விஷம்).

அப்புறம் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு (Silent Valley). அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தபோது வயது 80ஐத் தாண்டியிருந்தது. அப்போதும் அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். 1984 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

யார் வீட்டிலாவது செண்பகம் பூத்திருந்தால் ஒரு பூ எடுத்து வாருங்கள், பிரித்துப் பார்ப்போம். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள். வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள், சுண்டலுக்குக் கணக்கு வேண்டும்.