பதின்மூன்றாவது சம்பளம்

பிரித்தானிய வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சருக்கு,

வணக்கம். குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் பற்றி வரும் கடிதங்களை எங்கள் ஆட்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துகிறவன் நான். புது வேலை கிடைத்தவர்கள் சந்தோஷமாக வருவார்கள். சில மாதம் கழித்து அவர்களே கலங்கிப்போய் வருவார்கள்.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த ஒரு அக்கா. ஒரு பிள்ளையின் தாய். வேலை தொடங்கிய அன்றே தன் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அறிவித்துவிட்டார். ஷிஃப்ட் கூடும், குறையும். செய்த மணித்தியாலங்களை நாட்காட்டியில் பென்சிலால் குறித்துவருவார். சம்பளம் நாலு கிழமைக்கு ஒருமுறை, ஏறத்தாழ 900 பவுண். ஒரு மாதம் உதவித்தொகை சட்டென்று விழுந்தது. நாட்காட்டியை என் முன்னால் விரித்து, "தம்பி, நான் கூட வேலை செய்யேல்லையே. என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

அவர் ஒரு பிழையும் விடவில்லை. நாலு கிழமைச் சம்பளம் வருடத்துக்கு 13 தடவை வரும். உதவித்தொகையைக் கணக்கிட நீங்கள் வருமானத்தைப் பார்க்கும் மாதங்களோ, அதாவது மதிப்பீட்டுக் காலங்களோ, 12. ஆகவே ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். எப்போது உழைத்தார் என்பதை விதி பார்ப்பதில்லை, எப்போது காசு வந்தது என்பதைத்தான் பார்க்கிறது. கூடுதலாக வந்த ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டு. 900 பவுணுக்கு 495. வாடகையோ அந்த மாதமும் அதே வாடகைதான். கிழமைச் சம்பளக்காரருக்கு வருடத்தில் நாலு மாதம் ஐந்து சம்பளம் விழும். அவர்கள் பாடும் இதே பாடுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் பிள்ளை உள்ளவருக்கு மருந்துச்சீட்டு இலவசமாக வேண்டுமென்றால் கடைசி மதிப்பீட்டுக் காலத்து வருமானம் 935 பவுணைத் தாண்டக்கூடாது. இரட்டைச் சம்பள மாதத்தில் அது தாண்டிவிடும். வழக்கம்போல மருந்துக்கடையில் இலவசம் என்று கையெழுத்து வைத்தால், பிறகு 100 பவுண் வரை தண்டம் வரலாம்.

2020 ஜூனில், மாதச் சம்பளம் ஒரே மதிப்பீட்டுக் காலத்தில் இரண்டு தடவை விழுந்ததை எதிர்த்து நாலு தாய்மார் தொடுத்த வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் விதியும் திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும். பராமரிப்பு, துப்புரவு, களஞ்சிய வேலை என்று எங்கள் ஆட்கள் கிழமைக் கணக்கில் வாங்கும் சம்பளம் அதற்குள் வரவில்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். நாலு கிழமைச் சம்பளத்தையும் கிழமைச் சம்பளத்தையும் சேர்த்து விதியைத் திருத்துங்கள்.

அதற்குக் காலம் எடுக்கும் என்றால், முன்கூட்டியாவது சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சம்பளம் என்பதும், வேலை கொடுப்பவர் வரித்துறைக்கு அனுப்பும் தகவலிலேயே இருக்கிறது. "அடுத்த மாதம் உங்களுக்கு இரண்டு சம்பளம் விழும், உதவித்தொகை குறையும், மருந்துச்சீட்டையும் கவனியுங்கள்" என்று ஒரு செய்தி கணக்கில் வந்தால் போதும். அந்த அக்கா முதல் சம்பளத்திலேயே வாடகைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் கடிதங்களை மொழிபெயர்க்கும் ஒருவன்