எங்கம்மா பட்டன் போனுக்கு ஒரு மாச ஈசி வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல புது போன் வந்தா அரைப்பக்கம் போடுறீங்க, 5ஜி பத்தி போடுறீங்க, ஏஐ பத்தி போடுறீங்க, எல்லாம் படிக்கிறேன். கம்பெனில டீ டைமுக்கு பேப்பர் எங்க டேபிளுக்கு வந்து சேர்றப்போ பாதி கிழிஞ்சிருக்கும், இருந்தாலும் படிச்சிருவேன். பட்டன் போன் வச்சிருக்கறவங்க பத்தி, அவங்க போடுற ஈசி, அதாவது ரீசார்ஜ் பத்தி மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் எழுதறதில்ல, அதான் நானே எழுதறேன், நீளமா இருந்தா வெட்டிக்கோங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்கறேன், சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம். அப்பா இல்ல. அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, இங்க வாங்கன்னா "ஒத்த ரூம்ல அடைஞ்சு கெடக்க என்னால முடியாதுட்டி"ன்னுட்டாங்க. அவங்ககிட்ட இருக்கறது ஒரு பட்டன் போன், டார்ச் லைட்டு வச்சது, பச்சை பட்டன் அமுக்கினா பேசலாம், சிவப்பு அமுக்கினா கட் ஆகும், அதுக்கு மேல அவங்களுக்கு அதுல வேலை இல்ல. எனக்கு போன் பண்ணணும்னா மிஸ்டு கால் குடுப்பாங்க, நான் திருப்பி கூப்பிடுவேன். கால் எல்லாம் ஃப்ரீதாம்மா, நேராவே பேசுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு, கேக்கறதில்ல, பழக்கம் விடலை.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்களுக்கு ஓவர்டைம், நைட்டு பதினோரு மணி வரைக்கும் வேலை. ரெண்டு நாள் அம்மாகிட்டருந்து மிஸ்டு காலே வரல, மூணாவது நாள் நானா போட்டேன், கால் போகல. மறுபடி போட்டேன், போகல. ஊர்ப்பக்கம் மழைன்னு டிவில வேற சொல்றான். கை கால் எல்லாம் நடுங்கிருச்சு, பக்கத்து வீட்டு அத்தைக்கு போட்டு ஓடிப்போய் பாருங்கன்னேன், அவங்க போனா எங்கம்மா திண்ணைல உக்காந்து வேர்க்கடலை உரிச்சிட்டிருக்காங்க. "மூணு நாளா எம்மவ பேசல, என்ன கோவமோ தெரியல"ன்னு அத்தைகிட்ட பொலம்புறாங்களாம்! இதுக்கு நடுவுல சிலிண்டர் போட வந்தவரு ஓடிபி கேட்டு, அது வராம, ஆபீஸ்ல வந்து பேசுங்கன்னு சிலிண்டரை வண்டில திருப்பி ஏத்திட்டுப் போயிட்டாரு.

என்னன்னு பாத்தா ஈசி முடிஞ்சிருக்கு. தப்பு என் மேலதான், நாந்தான் இங்கருந்து ஆப்ல போட்டு விடுவேன், ஓவர்டைம்ல மறந்துட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, வீட்டு வாடகை தேதி எனக்கு மறக்காது, சீட்டுப் பணம் மறக்காது, ஏன்னா அது மாசாமாசம் ஒரே தேதி. இந்த ஈசி மட்டும் 28 நாள், இந்த மாசம் 20ன்னா அடுத்த மாசம் 18, அதுக்கடுத்து 15ன்னு பின்னாடியே நகந்துக்கிட்டே போகும். வருஷத்துக்கு 12 மாசம்னு நமக்குத் தெரியும், இவங்க கணக்குல 13. செல்போன் கம்பெனிங்களுக்கு ரூல் போடுற டிராய் 2022லயே ஒரு உத்தரவு போட்டுச்சு, ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒண்ணாவது வைக்கணும், மாசாமாசம் ஒரே தேதில போடுற மாதிரி ஒண்ணாவது வைக்கணும்னு. வச்சிருக்காங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா எங்கம்மா போட வேண்டிய கம்மி விலை பேக் 28தான்.

முடியப் போகுதுன்னு மெசேஜ் வரலையான்னு கேப்பீங்க. வந்திருக்கு, நாலஞ்சு வந்திருக்கு, அம்புட்டும் இங்கிலீஷ்ல. அம்மாவுக்கு தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2003ல இன்கமிங்குக்கு காசு கெடையாதுன்னு ஆனப்போதான் எங்கள மாதிரி ஆளுங்க எல்லாம் செல்போன் வாங்கவே நெனைச்சது. அப்புறம் 2005 கடைசில லைஃப்டைம்னு ஒண்ணு வந்துச்சு, 999 ரூபா ஒரு தடவை கட்டினா ஆயுசுக்கும் இன்கமிங் வரும்னாங்க. எங்கப்பா கடன் வாங்கி அதைப் போட்டாரு. அந்த நம்பரைத்தான் இன்னிக்கும் அம்மா வச்சிருக்காங்க. அப்பா போயிட்டாரு, லைஃப்டைமும் போயிருச்சு, நம்பர் மட்டும் மிச்சம். 2018 கடைசில ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளைக்கு ஒருக்கா கொறைஞ்சது 35 ரூபா போட்டாத்தான் லைன் இருக்கும்னு கொண்டாந்தாங்க. ஏர்டெல்ல மட்டும் எடுத்துப் பாத்தாலே போதும், அந்த 35, நடுவுல 23க்கு எறங்கி, 2019 டிசம்பர்ல 45 ஆச்சு, 2021 ஜூலைல 79, அதே வருஷம் நவம்பர்ல 99, 2023ல 155, 2024 ஜூலைல 199. மத்த கம்பெனிங்களும் முன்ன பின்ன இதே ரோட்டுலதான் போனாங்க, 2024 ஜூலைல மூணு பேரும் ஒரே வாரத்துல ஏத்தினாங்களே, ஞாபகம் இருக்கும்.

நியாயமாவும் பேசணும். அந்த 35 ரூபால இஷ்டத்துக்கு பேச முடியாது, 199ல கால் அன்லிமிடெட், கூட 2 ஜிபி டேட்டா வேற. அந்த டேட்டாதான் என் கேள்வி. எங்கம்மா போன்ல நெட்டே கெடையாது. கறிவேப்பிலைன்னா கடைக்காரர் சும்மா போட்டு விடுவாரு, இது காசு வாங்கிட்டு கறிவேப்பிலையை தலைல கட்டுற கதையால்ல இருக்கு. டவர் நடத்த செலவாகும், கரண்ட், ஆளு, அலைக்கற்றை ஏலம் எல்லாம் இருக்கு, அதுக்கு ஒவ்வொரு ஆளுகிட்டருந்தும் இவ்வளவு வரணும்னு கம்பெனிக்காரங்க கணக்குப் போடுறாங்க, சரி. அதுக்காக இல்லாத நெட்டுக்கு ஏன் பில்லு.

இதைக் கேட்டுத்தான் டிராய் 2024 டிசம்பர்ல ஒரு உத்தரவு போட்டுச்சு, காலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக் ஒண்ணாவது ஒவ்வொரு கம்பெனியும் குடுக்கணும்னு. முன்னாடி இந்த மாதிரி வவுச்சருக்கு 90 நாளுக்கு மேல வேலிடிட்டி கூடாதுன்னு இருந்ததை 365 நாள்னு ஆக்குச்சு. எனக்கு இது பல மாசம் கழிச்சுத்தான் தெரியும், எங்க லைன்ல அயர்ன் பண்ற அண்ணன் சொல்லித்தான் தெரியும். 2025 ஜனவரில கம்பெனிங்க பேக்கை விட்டாங்க, ஏர்டெல் 84 நாளுக்கு 499, 365 நாளுக்கு 1959ன்னு விட்டுட்டு சில நாள்லயே 469, 1849ன்னு கொறைச்சாங்க. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. வோடபோன் ஐடியாவும் பக்கத்துலயேதான், 470. நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா பாருங்க, இந்த மூணு பேர்ல ஒருத்தராவது அப்ப ஒரு மாசத்துக்கு விட்டாங்களா? உத்தரவுல "ஒண்ணாவது"ன்னு இருக்கு, 365 நாளுக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு, சின்னதா ஒண்ணு வேணும்னு இல்ல, அந்த சந்துல பூந்துட்டாங்க.

எங்கம்மாவுக்கு விதவை பென்சன் 1200 ரூபா. முன்னாடி 1000 இருந்துச்சு, 2023ல 200 கூட்டுனாங்க. அதுல 469ஐ ஒரே தடவையா எடுத்து எப்படி வைப்பாங்க? மாத்திரை இருக்கு, மளிகை இருக்கு, கோயில் வரி இருக்கு. சரி அம்மாவுக்கு நான் இருக்கேன், நான் போடுவேன். எங்க தெருவுலயே பிள்ளைங்க யாரும் பாக்காத கெழவிங்க நாலு பேரு இருக்காங்க, அவங்க எல்லாம் செல் கடைல போய் "தம்பி, இருக்கறதுலயே கம்மியா ஏத்தி விடு"ன்னு நிப்பாங்க, அவன் 199ஐ ஏத்தி விடுவான், அதுதான் அவனுக்குத் தெரிஞ்ச கம்மி.

ஒரு நாள் லஞ்ச் டைம்ல கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். 469ஐ 84ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 5 ரூபா 58 காசு. 1849ஐ 365ஆல வகுத்தா 5 ரூபா 7 காசு. 199ஐ 28ஆல வகுத்தா 7 ரூபா 11 காசு. வருஷத்துக்கு 13 தடவை 199 போட்டா 2587 ரூபா, வருஷத்துக்கு ஒரே தடவையா கட்ட முடிஞ்சவனுக்கு 1849. கைல காசு இல்லாதவ 738 ரூபா ஜாஸ்தி கட்டுறா, அதுவும் அவளுக்கு ஆகாத நெட்டுக்கு. நான் ஓசில கேக்கல, தள்ளுபடியும் கேக்கல, அவங்க 84 நாளுக்கு வச்ச அதே ரேட்டையே 28 நாளுக்கு போடுங்கங்கறேன், 156 ரூபா வருது. 156க்கு கால் மட்டும் ஒரு பேக் விட என்ன கஷ்டம்? மொத்தமா வாங்கினா மலிவுன்னு சொல்லுவாங்க, அரிசிக்கு சரி, பருப்புக்கு சரி. ஷாம்புவை பாட்டில்ல வாங்க முடியாதவங்களுக்கு பாக்கெட்ல போட்டு வித்தது நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன்தான், அப்புறம் ஊர் உலகமே அதைப் பாத்து செஞ்சுச்சு. செல்போன் கம்பெனிங்களே ஒரு காலத்துல 10 ரூபா டாப் அப் வித்து வளந்தவங்கதான். அந்த 10 ரூபா இன்னும் இருக்கு, போட்டா 7 ரூபா 47 காசு ஏறும், ஆனா வேலிடிட்டி இல்லாம அத வச்சு என்ன பண்றது, பூட்டின வீட்டுக்குள்ள வெளக்கு ஏத்தி வச்ச மாதிரி.

இதுல வாட்ஸப்ல வேற ஒண்ணு சுத்துச்சு, 2025 ஜனவரில, 20 ரூபா பேலன்ஸ் இருந்தா நாலு மாசத்துக்கு ரீசார்ஜே வேணாம், டிராய் புது ரூல் போட்டிருச்சுன்னு. எங்க கம்பெனி குரூப்ல மட்டும் ஆறு தடவை வந்துச்சு. அது புது ரூலும் இல்ல, 2013லருந்து இருக்கறது. 90 நாள் ஒண்ணுமே பயன்படுத்தாம கெடந்தா நம்பரை எடுத்துருவாங்கல்ல, அப்ப பேலன்ஸ்ல 20 ரூபா இருந்தா அதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் நம்பரை வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். நம்பர் நம்ம பேர்ல இருக்கும், ஆனா இன்கமிங் வரும்னு அதுல இல்ல. இதை நம்பி பேக் போடாம விட்டவங்க எத்தனை பேரோ.

நம்பர் போச்சுன்னா பேச்சு மட்டும் போறதில்லங்க. பேங்க்ல அந்த நம்பர், ஆதார்ல அந்த நம்பர், ரேஷன் கார்டுல, கேஸ்ல அந்த நம்பர். பென்சன் ஏறிருச்சான்னு மெசேஜ் அதுலதான் வரும், எதுத்த வீட்டுப் பையன் படிச்சுச் சொல்லுவான், அப்புறந்தான் கைரேகை மிஷின் வச்சிருக்கற அக்காகிட்ட போய் பணம் எடுப்பாங்க. ஆஃப் ஆன நம்பரை கொஞ்ச நாள் கழிச்சு வேற ஆளுக்கு வித்துருவாங்க, அப்புறம் நம்ம ஓடிபி யாரோ ஒருத்தனுக்குப் போகும். போன் ஆடம்பரமா இருந்தப்போ வச்ச ரூலை, கவர்மெண்ட்டே எல்லாத்துக்கும் ஓடிபி கேக்குற காலத்துலயும் அப்படியே வச்சிருக்காங்க. பேக் முடிஞ்சா அவுட்கோயிங்கை நிறுத்துங்க, வேணாங்கல, இன்கமிங்கும் ஓடிபியும் ஒரு மாசமாவது வரட்டும். அதுக்குள்ள எப்படியும் யாராவது போட்டு விடுவாங்க.

வேற கம்பெனிக்கு மாறிக்கோன்னு ரொம்ப சுளுவா சொல்லுவாங்க. 1900க்கு போர்ட்னு மெசேஜ் அனுப்பணும், பட்டன் போன்ல நான் போய் உக்காந்து அனுப்பணும், அது கூட பரவால்ல. எங்க தெருவுக்குள்ள வீட்டுக்குள்ளருந்து பேசற மாதிரி சிக்னல் எடுக்கறது ஒரே ஒரு கம்பெனிதான், மத்ததுக்கெல்லாம் கண்மாய்க் கரைக்கு நடக்கணும். அம்மாவுக்கு முட்டி வலி.

இன்னொண்ணு. அயர்ன் அண்ணன் சொன்னதும் நான் ஆப்ப தொறந்து அந்த கால் மட்டும் இருக்கற பேக்கைத் தேடினேன். மேல பாப்புலர்னு ஒண்ணு, ட்ரெண்டிங்னு ஒண்ணு, 5ஜி அன்லிமிடெட், சினிமா ஆப்போட சேர்ந்தது, கிரிக்கெட் ஆப்போட சேர்ந்தது, தள்ளித் தள்ளி கட்டை வெரலு தேஞ்சு போச்சு, ஏழெட்டு டேப் தாண்டி ஒரு மூலைல இருந்துச்சு. ஸ்மார்ட்போன் வச்சிருக்கற, பிளஸ் டூ படிச்ச எனக்கே பத்து நிமிஷம். அதுக்கு மேல பிளாட்ஃபார்ம் ஃபீஸ்னு மூணு ரூபா. ஊர்ல செல் கடைத் தம்பிகிட்ட போன்ல கேட்டா "அப்படி ஒரு பேக்கே இல்லக்கா"ன்னு அடிச்சு சொல்றான். பொய் சொல்லல பாவம், அவனுக்கும் யாரும் சொல்லல. ஒவ்வொரு ரீசார்ஜ் கடைலயும் தமிழ்ல ஒரு அட்டை தொங்கட்டும், நெட் இல்லாத பேக் இவ்வளவு ரூபா, இத்தனை நாள்னு. போஸ்டர் அடிக்கவா காசு இல்ல, கிரிக்கெட்டுக்கு அடிக்கிறாங்களே.

டிராய்ல இருக்கறவங்க உங்க பேப்பர் படிப்பாங்களான்னு தெரியாது, எங்க எம்பியாவது படிக்கட்டும், பார்லிமெண்ட்ல ஒரு கேள்வி கேக்கட்டும், ஒரு மாச பேக் ஏன் இல்லன்னு. நீங்களும் அந்த மூணு கம்பெனிகிட்டயும் கேட்டு என்ன சொல்றாங்கன்னு போடுங்க.

அம்மாவுக்கு தீபாவளி போனஸ்லருந்து 84 நாள் பேக் போட்டு விட்டேன். சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்ல முடியற தேதித் தாளை எதுத்த வீட்டுப் பையன விட்டு மடிச்சு வைக்கச் சொல்லிருக்கேன், கிழிச்சுக்கிட்டே வந்தா அங்க வந்து நிக்கும்ல. பொங்கலுக்கு அஞ்சாறு நாள் முன்னாடி வருது. பொங்கலுக்கு எங்க கம்பெனில போனஸ் கெடையாது.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி தொழிலாளி,
திருப்பூர்.