எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும் எங்கள் தெருவாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்கு வந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் நின்று நன்றி சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

லெந்து என்னும் தவக்காலத்தின் மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலையில் அப்பாவின் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. வாய் கோணிவிட்டது. கூப்பிட்டால் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. நான் தைலத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி, ரம்ஜான் நோன்புக்காக விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுந்தவர், என் சத்தம் கேட்டு ஓடிவந்து, "அக்கா, இது பக்கவாதம், உடனே கிளம்புங்க" என்று அப்பாவைத் தூக்கிக்கொண்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். நாங்கள் 40 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். தம்பி, நீங்கள் வாடகைகூட வாங்கவில்லை. எங்கள் அப்பாவின் உயிருக்கு நாங்கள் முதலில் நன்றி சொல்ல வேண்டிய மனுஷர் நீங்கள்தான்.

ஆஸ்பத்திரியில் 11 நாள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறைவைத்து வந்தீர்கள். தண்ணீராக இருந்தால் புரையேறும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, கஞ்சியைக் கட்டியாகக் காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, கரண்டி கரண்டியாக ஊட்டினீர்கள். ஒரு வாய் இறங்க ஐந்து நிமிஷம் ஆகும். ஒருவர்கூட அவசரப்படவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் "கர்த்தாவே" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கோபம் இருந்தது. 40 வருஷம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்த வாயை ஏன் கட்டினீர் என்று. அப்போதுதான் உபதேசியார் வந்து கட்டிலருகே மாற்கு 2ஆம் அதிகாரத்தை வாசித்தார். நாலு பேர் இயேசுவிடம் சுமந்துவந்த திமிர்வாதக்காரன், அப்பாவைப் போலக் கைகால் விழுந்தவன். கூட்டத்தால் உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான். அன்றைக்குத்தான் "அவர்கள்" என்ற சொல் காதில் விழுந்தது. படுத்திருந்தவன் தனக்காக ஒரு வார்த்தை கேட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் அவனிடம் பேசத் தொடங்குகிறார். எனக்கு வார்த்தை வராத நாட்களில் எனக்கும் சேர்த்து நீங்கள் விசுவாசித்தீர்கள். கட்டிலில் கிடந்தது அப்பா மட்டும் அல்ல, நானும்தான்.

அப்புறம் பாடகர் குழுத் தம்பிகள். வீட்டுக்கு வந்த பிறகு, சனிக்கிழமைதோறும் ஒருவர் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டார்; ஞாயிறன்று தாடியோடு இருக்க அவருக்குப் பிடிக்காது என்பது தெரிந்து. மற்றவர்கள் பாடினீர்கள். ஒரு சாயங்காலம் "சத்தாய் நிஷ்களமாய்" எடுத்தீர்கள். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற நம் கவிஞர் கிருஷ்ணபிள்ளை, பக்கத்து ஊரான கரையிருப்பில் பிறந்தவர், அவருடைய பாட்டு. "எனக்கு" என்றுகூடச் சொல்ல முடியாத அப்பா, "ஆர்துணை ஆருறவே" என்று ராகத்தோடு கூடவே பாடிவிட்டார்! பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் நடத்துகிறதாம், பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்குமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் விளக்கினார். சரி, அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கத்தையும் உண்டாக்கினவருக்கு ஸ்தோத்திரம்.

பாகப்பிரிவினையில் மூன்று வருஷம் பேசாதிருந்த என் அண்ணனும் மதினியும் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்தார்கள். மதினி, அதைப் பற்றி நாம் இருவரும் இன்னும் பேசவில்லை. நான் பேச வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும்.

எட்டு மணிக் குடும்ப ஜெபத்தை இப்போது என் மகன் நடத்துகிறான். அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் அவனுக்கு வசனத்தைத் தொட்டுக் காட்டுகிறார்.

அடுத்த வாரம் சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகை. முந்தின ராத்திரி காய் வெட்டும் இடத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டுவையுங்கள். அப்பாவால் காய் வெட்ட முடியாது. பாட்டுக்கு வருவார்.