பை (π) கட்டுரையில் விடுபட்ட பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை (π) என்ற எண்ணைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் பையைக் கணக்கிட்டவர்களில் ஆர்க்கிமிடீஸ், கேரளக் கணிதர் சங்கமகிராமத்து மாதவர் என்று வந்த கட்டுரையாளர், அங்கிருந்து ஒரே தாவலில் ஐரோப்பியக் கணிதர் லுடால்ஃப் வான் கியூலனிடம் போய்விட்டார். நடுவில் அல்-காஷியைக் காணோம். லுடால்ஃப் 1596இல் 20 தசம இலக்கங்களை வெளியிடும்வரை, பையை மிக அதிக இலக்கங்களுக்குக் கணக்கிட்ட சாதனை 170 ஆண்டுகளுக்கு மேல் காஷியிடம்தான் இருந்தது.

கணிதரும் வானியலாளருமான ஜம்ஷீத் அல்-காஷி ஈரானின் காஷான் ஊர்க்காரர். இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்தை ஆண்ட உலூக் பேக், தாமும் வானியல் கற்றவர். அவர் கூட்டிய அறிஞர் குழுவில் காஷியும் போய்ச் சேர்ந்தார். 1424இல் பையின் இருமடங்கை 16 தசம இலக்கம்வரை சரியாகக் கணக்கிட்டார்.

இலக்கங்களின் நீளத்தைவிட அவர் அதற்குப் போன வழிதான் எனக்குப் பிடித்தது. எவ்வளவு பிழை வரலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டார் மனிதர். பூமியின் விட்டத்தைப் போல 6 லட்சம் மடங்கு விட்டமுள்ள ஒரு வட்டம்; அதன் சுற்றளவில் ஒரு குதிரை மயிரின் கனம்கூடப் பிசகக் கூடாது. வட்டத்தோடு ஒட்டிப் பலகோணம் வரைந்து பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால், அதன் சுற்றளவு வட்டத்தின் சுற்றளவை நெருங்கும். சரி, அதற்கு எத்தனை பக்கமுள்ள பலகோணம் தேவை? 80,53,06,368 பக்கங்கள். 3ஐ 28 முறை இரட்டித்தால் வரும் எண் இது. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதுவும் வானியலாளர் வழக்கப்படி 60ஐ அடிமானமாகக் கொண்ட எண்களில். ஒரு படியில் சறுக்கினால் அப்புறம் போட்டதெல்லாம் வீண். முடிவில் கிடைத்ததைத் தசமத்துக்கும் மாற்றிக் கொடுத்தார். நம் பள்ளிகளில் பையின் இலக்கங்களை ஒப்பிக்கப் போட்டி வைக்கிறோம். எந்த வேலைக்கு எத்தனை இலக்கம் போதும் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை.

தசம பின்னங்களைக் கண்டுபிடித்தவரே காஷிதான் என்று சிலர் எழுதுவதும் சரியில்லை. 10ஆம் நூற்றாண்டிலேயே அல்-உக்லிதிசி அவற்றைக் கையாண்டிருக்கிறார். காஷி 1427இல் முடித்த ‘கணக்கின் திறவுகோல்’ நூலில் அவற்றை முறையாக விளக்கினார். கணக்கர், கட்டடக்காரர் எல்லோருக்குமான நூல் அது. கவிமாடங்களை அளக்கும் வழியும் அதில் உண்டு.

முக்கோணத்தின் பக்கங்களையும் கோணத்தையும் இணைக்கும், நாம் கொசைன் சூத்திரம் என்று படிப்பதை, பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் அல்-காஷி தேற்றம் என்றே படிக்கிறார்கள். கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது இவரைப் பற்றி நாலு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருநெல்வேலி